யாருக்கும் புரியாத மாற்றம்

"நல்லதா, கெட்டதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க டாக்டர்" என்றாள் லியோனிலா.

மெடெயின் நகரத்திலிருந்து செல்போன் திரையில் பேசிக்கொண்டிருந்த டாக்டர் மார்செலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"தெரியலைம்மா."

லியோனிலா கிப்தோ என்ற ஆற்றங்கரை ஊரின் சந்தையில் மீன் விற்பவள். வயது முப்பத்தாறு. அம்மாவையும் அக்காவையும் சினைப்பைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. இவள் ரத்தத்தைச் சோதித்ததில் ஒரு மரபணுவில் சின்ன மாற்றம். அது நோய் தரும் மாற்றம் என்றால் சினைப்பையை எடுத்துவிட வேண்டும். ஆகஸ்ட் பதினான்காம் தேதி அறுவைக்குக் குறித்தாகிவிட்டது. அவளுக்கும் கணவன் வில்மருக்கும் இன்னும் குழந்தை இல்லை.

"இவ்ளோ படிச்சிட்டுத் தெரியலைன்னா எப்படி?"

"இதுவரைக்கும் ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுத்தவங்க முக்கால்வாசிப் பேர் ஐரோப்பா வம்சம். அவங்ககிட்ட இந்த மாற்றம் இல்ல. உங்களை மாதிரி கறுப்பு ஜனங்களை யாரும் பெருசா சோதிக்கவே இல்ல. சோதிச்சிருந்தா இப்பவே பதில் சொல்லிருப்பேன். வீட்ல வேற யாருக்காவது புற்றுநோய்?"

"எங்க அண்ணன் ஆர்செசியோவுக்கு மார்புல வந்துச்சு. ஆம்பளைக்கு மார்புல வருமான்னு ஊரே சிரிச்சுது."

டாக்டர் நிமிர்ந்தாள். "அதுக்கும் இதே மரபணு காரணமா இருக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாதானே?"

"ஒரே அம்மாகிட்ட பால் குடிச்சவங்க."

ஆர்செசியோ ரத்தம் கொடுத்தான். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவனிடம் அந்த மாற்றம் இல்லை. அது இல்லாமலே அவனுக்கு நோய் வந்திருக்கிறது என்றால் அதன் மேல் சந்தேகம் குறைகிறது. அறுவையைத் தள்ளிப்போடலாம் என்றாள் டாக்டர்.

அன்று மாலை வீட்டில் பொரித்த வாழைக்காயும் மீன் சூப்பும். ஆர்செசியோவும் வந்திருந்தான். வில்மர் பாட்டை அலற விட்டான். அம்மாவின் அக்கா ஒத்திலியா மட்டும் ஸ்பூனை வைத்துவிட்டு லியோனிலாவைப் பார்த்தாள்.

"அவன்கிட்ட எப்படிடி இருக்கும்? பெத்தவ செத்ததும் மூணு மாசக் குழந்தையா அவனைப் படகுல தூக்கிட்டு வந்தவதானே உங்கம்மா?"

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எடுத்து வளர்த்த பிள்ளையும் பெற்ற பிள்ளையும் இந்த ஆற்றங்கரையில் ஒன்றே. வெளியாளிடம் அதைப் பிரித்துச் சொன்னால் குடும்பத்துக்கே அவமானம். லியோனிலா மறைக்கவில்லை, அது நினைவுக்கே வரவில்லை.

"அப்ப நான் குடுத்த ரத்தம் வீணா?" என்றான் ஆர்செசியோ.

"வீண் இல்லண்ணா."

"பின்ன என்ன?"

அவள் அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினாள். வில்மர் பாட்டை நிறுத்திவிட்டு அவள் காதருகே குனிந்தான். "டாக்டர்கிட்ட சொல்லாத. நல்ல பதிலா வந்திருக்கு, விட்டுடு."

காலையில் அவளே டாக்டரை அழைத்துச் சொன்னாள். மார்செலா தன் குறிப்பில் ஒரு வரியை அடித்தாள்.

"நான் கேட்ட விதம்தான் தப்பு. ரத்த உறவு இல்லன்னா அண்ணன் ரிசல்ட்டை வச்சு உங்களுக்கு ஒண்ணும் சொல்ல முடியாது. பழைய இடத்துக்கே வந்துட்டோம்மா."

"அப்ப நல்லதா, கெட்டதா?"

"தெரியலை. உங்க பெரியம்மா ரத்தம் வேணும். உறவே இல்லாத உங்க ஊர்க்காரங்க ரத்தமும் நிறைய வேணும். புற்றுநோயே வராத பல பேர்கிட்ட இதே மாற்றம் இருந்தா, பயமில்லன்னு சொல்லலாம். அண்ணன் குடுத்ததையும் ஊர்க்காரங்க கணக்குல, நோய் வந்தவங்க பக்கம் சேர்த்துக்கறேன்."

"ஆகஸ்ட் பதினாலு?"

"வச்சுக்கவா, விட்டுடவா?"

"விடுங்க... இல்ல, வச்சுக்கங்க. அதுக்குள்ள தெரிஞ்சிடுமா?"

"சொல்ல முடியாதும்மா."

சந்தையில் ஆர்செசியோ அவள் பக்கத்தில் உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தான். வாடிக்கைக்காரி ஃபிதேலினா மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரிசல்ட் வந்துடுச்சாமே. என்னடி சொன்னாங்க?"

லியோனிலா வாயைத் திறந்தாள். எங்கிருந்து தொடங்குவது?

"இன்னும் நிறைய பேர் ரத்தம் வேணுமாம்க்கா."

"ஏன், உங்கண்ணன் குடுத்தானே. பத்தலையா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தான்.

"ஒரு ஆளு எப்படிப் பத்தும்? என் தங்கச்சிக்கு ஊரே வேணுமாம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வா, உன் கையையும் நீட்டு."