சுண்ணாம்புப் பாறையில் ஒரு முழங்கை

சித்திரையில் இறந்துபோன என் மனைவி திலகவதி ஆவணியில் அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் கிடைத்தாள். ஞாயிறுதோறும் புதைபடிவம் தேடிப் போகும் எங்கள் பாறைக் கழகம்தான் கண்டுபிடித்தது. முழங்கை மட்டும் வெளியே தெரிந்தது.

செயலாளர் பொற்கொடி டீச்சர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"வயசு பதினோரு கோடி வருஷம்."

"ஐம்பத்தெட்டுங்க," என்றேன்.

"அது உங்க கணக்கு. பாறை அடுக்கு அப்படிச் சொல்லல."

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் நக்கிப் பார்ப்போம். கல் ஒட்டாது. பழைய எலும்பு நாக்கில் ஒட்டும். யார் நாக்கில் ஒட்டுகிறதோ அவர் வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

எனக்கு அவளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

"உங்க வீட்டுக்காரம்மா. நீங்களே மொதல்ல பாருங்க சார்," என்றார் டீச்சர்.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். மண்டியிட்டு நாக்கை வைத்தேன். ஒட்டவில்லை.

"நல்லா அழுத்துங்க."

அழுத்தினேன். வழுக்கியது.

"வாய் காஞ்சிருக்கு," என்றேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடி நாக்கை நீட்டினேன். பின்னால் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"ஒங்க சம்சாரம்தானா? நல்லாப் பாத்தீங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"முழங்கையை வச்சு எப்படிங்க சொல்றது?"

கேட்ட பிறகுதான் அது கேட்கக் கூடாத கேள்வி என்று தெரிந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இருதயராஜ் முன்னால் வந்தார். பல் டாக்டர். போன வாரம்தான் கழகத்தில் சேர்ந்தவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு நாக்கை வைத்தார்.

ஒட்டியது. இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கண்ணாடி கையில் இருந்ததால் சத்தம் வரவில்லை.

முழங்கையளவே இருந்த அவளைப் பாறையிலிருந்து வெட்டி எடுத்துத் துண்டில் சுற்றினார்கள்.

"எங்க வைப்பீங்க?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"கிளினிக்ல. ஷோகேஸ் காலியாத்தான் கெடக்கு."

"நான் வந்து பாக்கலாமா?"

"பல்லுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லீங்க."

"அப்ப எப்படி?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

வேனில் டாக்டர் அவளை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். எனக்குக் கடைசி வரிசையில் நடுவில் இடம் கிடைத்தது. வண்டி மேடேறிச் சாலையைத் தொட்டபோது துண்டுக்குள்ளிருந்து திலகவதியின் குரல் சத்தமாகக் கேட்டது.

"அவருக்கு ஜன்னலோரமா எடம் விடுங்க. வாந்தி எடுப்பாரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பொற்கொடி டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து இடம் விட்டார். நான் தலையைக் குனிந்தபடி ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.