பலகைக்கு எதிரே ஒரு நாற்காலி

வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்வதுதான் மருமகளுக்குத் தொழில். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். சொந்த வீட்டைக் காட்டியே ஆள் பிடிக்கலாமென்று, கூடத்துச் சுவரில் பதித்திருந்த மரப்பலகைகளைப் பெயர்த்துவிட்டு, முகம் தெரிகிற மாதிரி வெள்ளை டைல்ஸ் ஒட்டினாள். மேலே வரிசையாக விளக்குகள். கூடம் நகைக்கடையாட்டம் ஜொலித்தது.

"மரம் இருந்தப்போ கண்ணுக்கு இதமா இருந்துதும்மா" என்றார் மாமனார். கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனிதர்.

"உங்களுக்கு எதைச் செஞ்சாலும் குறைதான் மாமா!"

அதோடு அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி! போதாததற்கு, பெயர்த்த பலகைகளில் சிலதைத் தன் அறையில் சாய்த்துவைத்து, அதற்கு எதிரே நாற்காலி போட்டுக்கொண்டார். வேண்டுமென்றே தன்னைக் குத்திக்காட்டுகிறார் என்று இவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'ஸ்டார்' என்று பட்டப்பெயர் வைத்தாள். "ஸ்டார், பலகையில இன்னைக்கு என்ன படம் ஓடுது?" என்பாள். புருஷனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அவரும் சிரித்துவைப்பார், பாவம்.

மருந்துக்கடைக்கார அம்மாள் ஒருத்தி வீடு பார்க்க வந்தாள். அவள் வீட்டு அலங்காரம் கைக்கு வந்தால் அதுதான் மருமகளுக்கு முதல் பெரிய வேலை. அதற்காக நாயாய் அலைந்திருந்தாள்.

"எங்கம்மா நாள் முழுக்கக் கூடத்துலதான் இருப்பாங்க. இதே மாதிரி பண்ணிடுங்க" என்றாள் வந்தவள்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வந்தார் மாமனார்.

"எங்க வீட்டு ஸ்டார்! ஷூட்டிங் முடிஞ்சுதா மாமா?" என்று சிரித்தபடி அவர் கண்ணாடியைக் கழற்றினாள் மருமகள்.

உள்ளே கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. வெளிச்சம் பட்டதும் இமைகளை இறுக்கிக்கொண்டார். பொலபொலவென்று நீர் கொட்டியது. கை சுவரைத் தேடித் துழாவியது.

"ஐயோ, என்னங்க ஆச்சு?" என்று பதறினாள் மருந்துக்கடை அம்மாள்.

"தூசிம்மா. வீடு ரொம்ப நல்லா இருக்கு. என் மருமக கைவேலை. நம்பிக் கொடுங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது மருமகளுக்கு. சீ, நானும் ஒரு மனுஷியா! அவரைக் கைத்தாங்கலாக அறைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். அங்கேயும் அதே விளக்குதான். ஆனால் பலகையில் பட்ட வெளிச்சம் முகத்தில் அறையாமல் அடங்கிக் கிடந்தது. அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"ஏன் மாமா சொல்லல?"

"சொன்னேனேம்மா."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போம்மா, அவங்க காத்திருக்காங்க. வேலைய விட்டுடாத" என்றார்.

கூடத்துக்கு வந்தாள். கண்ணாடி இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"உங்க வீட்டுச் சுவர்ல இப்ப என்ன இருக்குங்க?"

"பழைய பலகைதான். பேத்துப் போட்டுடலாம்."

"பேக்காதீங்க" என்றாள் மருமகள். தலை நிமிரவில்லை. "உங்கம்மாவுக்கு இந்த வெள்ளை வேணாங்க. எங்க மாமா இந்தக் கண்ணாடிய ஸ்டைலுக்குப் போடல. நான்தான் போட வச்சேன்."