ஞாயிறு காலை புதுக்குரல்

வானொலி நிலையத்தில் ஞாயிறு காலை ‘புதுக்குரல்’ நிகழ்ச்சியை நடத்தியவர் யாரைப் பாட வைத்தாலும், மறுநாள் விடியும்போது பாடியவருக்குப் பேச்சு நின்றுவிடும். காய்ச்சல் வராது, வலி இருக்காது. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார். போன குரலை யாரும் தேடவில்லை. அது இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு நிகழ்ச்சிக்காரர் வணக்கம் சொல்லும்போது அவர் குரல் ஒரு சுற்று கனத்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சக ஊழியர்கள் அவர் குரலைக் கேட்டு அவரைத் தகர டப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் போனது ஒரு தட்டச்சுக்காரியின் குரல். பழி வரக் கூடாதென்று அவளையே பெண் கேட்டுப் போனார். சம்மதமா என்று பெரியவர்கள் கேட்டதற்கு அவள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். பெண்ணுக்கு வெட்கம் என்றார்கள். மௌனம் சம்மதம் என்று சித்தப்பா ஒருவர் பேச்சை முடித்துவைத்தார்.

பிறகு ஒரு பஸ் கண்டக்டரின் குரல் போனது. அவரிடம் விசில் இருந்ததால் வேலை தப்பியது. ஒரு வக்கீலின் குரல் போனது; அவருக்குத் தப்பவில்லை. ஆனாலும் நிலையத்து வாசலில் வரிசை குறையவில்லை. “ஒரு தடவை ஊரே கேட்டுட்டாப் போதும் சார், அப்புறம் பேசி என்ன ஆகப்போகுது?” என்றார்கள். நிகழ்ச்சிக்காரர் மணி சொன்னால் வீடு வீடாகப் பால் பொங்கி வழிந்தது. மழை வரும் என்று அவர் சொன்ன குரலைக் கேட்டு, விவாகரத்துக்குக் கிளம்பிய ஒரு தம்பதி பாதி வழியில் திரும்பி வந்தார்கள். அவருக்குத் தலைமைத் தயாரிப்பாளர் பதவியும் சுழலும் நாற்காலியும் கிடைத்தன.

கைக்குக் கை போன் வந்ததும் அவரவர் பாட்டை அவரவரே ஊருக்கு அனுப்பிக்கொண்டார்கள். வரிசை வற்றியது. தீனி இல்லாத குரல் இளைத்தது. ஒரு ஞாயிறு, வணக்கத்தின் நடுவில் பழைய தகரம் கடகடத்தது. நிலைய இயக்குநர் அவரைக் கூப்பிட்டு, “கேக்கறவங்க குறையறாங்க சார். நீங்களா ஓய்வு வாங்கிக்கிட்டா மரியாதையா இருக்கும்” என்றார்.

அவருக்கு ஒரு மகள். அவள் பாடுவாள் என்பதே அவருக்குத் தெரியாது. வீட்டில் ரேடியோ கிடையாது. அவருடைய ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டதும் தாய் ஓடிவந்து மகள் வாயைப் பொத்திவிடுவாள். ஸ்கூட்டர் பஞ்சராகி அவர் நடந்து வந்த நாளில் குட்டு வெளிப்பட்டது. பாட்டு முடியும்வரை படிக்கட்டிலேயே நின்றார். உள்ளே போனதும் மகள்தான் முதலில் பேசினாள்.

“ஊர்ல யார் யாரையோ பாட வச்சீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலியேப்பா.”

“என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்ப்பா. நீங்க வேண்டாம்னு சொல்லுங்க, விட்டுடறேன்.”

தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் ஊருக்கே பேசிய வாயில் அந்த ஒரு சொல் வரவில்லை. “தண்ணி நிறையக் குடி” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை தாய் விழித்தபோது மகளின் கட்டில் காலியாக இருந்தது. காலுக்கொரு செருப்பாக மாட்டிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினாள். வாசல் காவலாளி மறித்தார். “யாரைப் பாக்கணும்? பேரைச் சொன்னாத்தாம்மா விடுவேன்.” அவள் கையால் சொன்னாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாள், கம்பிக் கதவைக் குலுக்கினாள். அவர் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் மகளின் பாட்டு ஆரம்பித்தது. காவலாளி கண்ணை மூடி உதட்டில் விரல் வைத்தார். “ஷ்! சத்தம் போடாதீங்கம்மா. பாட்டு போகுது.”

மறுநாள் விடிந்ததும் மகள் அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அம்மா ஏற்கெனவே கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். தகப்பன் கூடத்தில் அழுதார். மனதார அழுதார். அந்த அழுகை அவ்வளவு இனிமையாக இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டார்கள். அவருக்கு மூன்று வருஷம் பணி நீட்டிப்பு கிடைத்தது. தாயும் மகளும் கையால் பேசிக்கொண்டார்கள். சில சமயம் தோள் குலுங்கச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று அவர் கேட்டால் இருவர் கையும் மடிக்குப் போய்விடும்.

மகளின் பாட்டைக் கேட்டவர்கள் மறுபடி வாசலில் வரிசை கட்டினார்கள். கருணை அடிப்படையில் நிலையம் அவளுக்கே உதவியாளர் வேலை கொடுத்தது. ஸ்டூடியோவுக்குள் தும்மினால்கூடச் சத்தம் வராத ஆள் லேசில் கிடைக்காது என்று இயக்குநர் மெச்சிக்கொண்டார். முதல் வாரங்களில் வரிசையில் நின்றவர்களிடம் அவள் கையசைத்து, போங்கள், போய்விடுங்கள் என்றாள். வாழ்த்துகிறாள் என்று நினைத்து அவர்கள் கும்பிட்டார்கள். பிறகு அதை விட்டுவிட்டாள். போன ஞாயிறு பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வந்தாள். “பயமா இருக்குக்கா” என்றாள். மகள் அவள் முடியை ஒதுக்கி ஹெட்போனை மாட்டிவிட்டு, மைக்கை அவள் வாய் உயரத்துக்கு இறக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்ததும், பாடு என்று விரலை உயர்த்தினாள்.