பெட்ரோல் இருக்கு

...இல்லை, சத்தமே இல்லை, சாவியைத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி வரவேண்டிய, டேங்குக்குள் இருக்கும் பம்பின் அந்த முனகல் இல்லை, "இன்னொரு தடவ போடு" என்றாள், முன்னால் விளக்குகள் எரிந்தன, மறுபடியும் ஒன்றுமில்லை, சீட்டைக் கழற்றிவிட்டு டேங்க் மூடியின்மேல் காதை வைத்துக் குனிந்திருந்தவளுக்குக் கேட்டதெல்லாம் அவளுடைய மூச்சும், முன்சீட்டில் அவன் தொண்டையைச் செருமியதும்தான். எட்டு மாதம் கழித்து இவ்வளவு பக்கத்தில்... இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் சாவி போட, ஒருவர் காது கொடுக்க, கல்யாணமான பதினோரு வருஷமும் அவன் சாவி, அவள் காது. ஊரில் வேறு மெக்கானிக்கா இல்லை? தேடி அவள் பட்டறைக்கே இழுத்துக்கொண்டு வந்தானே, அதற்கு என்ன அர்த்தம்? ஒரு அர்த்தமும் இல்லை, இந்தப் பழைய வண்டியை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அதற்காக வந்திருக்கிறான், அதற்குமேல் தோண்டாதே... ஆனாலும் காலையில் கயிறு கட்டி இழுத்துவந்த வண்டியைத் தெருமுனையில் கண்டதும், கையில் இருந்த அழுக்குத் துணியாலேயே முகத்தைத் துடைத்து, கன்னமெல்லாம் கிரீஸை அப்பிக்கொண்டது யாராம்?

பக்கத்துக் கொட்டகையில் நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற ரேடியோ அண்ணன், வாயை மூடத் தெரியாததால் வந்த பெயர், சுத்தியலோடு எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, வண்டி கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு வந்துடுச்சா? கையோட நீயும் இங்கயே தங்கிடேன்." அவன் சிரிக்கவும் இல்லை, சிரிக்காமலும் இல்லை. "அண்ணே, உங்க தகரம் உங்களக் கூப்புடுது, போங்க" என்று அவரை விரட்டினாள், விரட்டிவிட்டு, அவன் ஏதாவது பதில் சொல்வானோ என்று ஒரு நிமிஷம் ஸ்பானரைத் தேடுவதுபோலத் தேடினாள். கடைசியில் அவள்தான் கேட்டாள், "பெட்ரோல் இருக்கா?" "இருக்கு." அந்த 'இருக்கு' அவளுக்குத் தெரியாதா... அவன் அகராதியில் இருக்கு என்றால் டேங்கில் வாசனை இருக்கிறது என்று பொருள். பெட்ரோல் அளவு காட்டும் முள் எப்போதோ செத்துப் பாதியிலேயே நின்றுவிட்டது, ஊர் ஊராக மூக்குக் கண்ணாடி பிரேம்களைக் கொண்டுபோய்க் கடைகளில் காட்டும் பிழைப்பு அவனுக்கு, எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்ற கணக்கு ஒருநாளும் இருந்ததில்லை, காலி டேங்கில் ஓட்டி ஓட்டி இந்தப் பம்பைக் கருக்கிவிட்டான், அதுதான் நடந்திருக்கும். பம்பு பெட்ரோலில் முங்கிக் கிடந்தால்தான் சூடாகாது என்று எத்தனை தடவை, சாப்பிடும்போது, படுக்கும்போது, அவன் செருப்பை மாட்டும்போது...

ஃபியூஸ் நன்றாக இருந்தது, ரிலேயும் டிக்கென்றது, பம்புக்கு வரும் ஒயரில் சின்ன பல்பைத் தொட்டுப் பார்த்தாள், எரிந்தது, கரண்ட் வந்து வாசலில் நிற்கிறது, உள்ளே இருப்பதுதான் எழுந்திருக்கவில்லை. அவளும் அப்படித்தான் நின்றாளோ, கூப்பிட்டுக் கூப்பிட்டு? ஒருத்தி குறுக்கே வந்திருந்தால் அவளையாவது திட்டலாம், ஒருத்தியும் இல்லை, "எனக்கு மூச்சு முட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணிமணியை எடுத்துக்கொண்டு போனான், ஊரின் அந்தப் பக்கம் ஒற்றை அறை, அதுதான் தாங்கவில்லை. கடைசியாக ஒரு சோதனை, வண்டிக்கு அடியில் படுத்து ரப்பர் சுத்தியலால் டேங்கின் அடியில் தட்டினாள், "இப்பப் போடு!" தொம், தொம்... பம்பு ஒரு கணம் விழித்து முனகியது, அப்புறம் அடங்கிவிட்டது. சந்தேகமே இல்லை, பம்புதான். டேங்கிலிருந்து வந்த சத்தம் அப்படி மொத்தையாக இருந்ததை அவள் கவனித்திருக்க வேண்டும், காலி டேங்க் கணீரென்று கேட்கும், ஆனால் அவள் காது பம்புக்காகத்தான் காத்திருந்தது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, குழாய்களைப் பிரித்து, பம்பைப் பிடித்திருந்த வளையத்தைத் திருகி, கீழே துணிகூட விரிக்காமல், இவன் வண்டியில் என்ன இருந்துவிடப் போகிறது, பம்பைத் தூக்கினாள்... குபுக்கென்று பெட்ரோல் விளிம்பு தாண்டி வழிந்தது, மணிக்கட்டெல்லாம் ஜில்லென்று நனைந்தது. பதறிப்போய் மறுபடி உள்ளே அழுத்தினாள். டேங்க் கழுத்துவரை நிறைந்திருந்தது. பதினோரு வருஷத்தில் இந்த டேங்கை இப்படி அவள் பார்த்ததே இல்லை. "யாரு போட்டா இவ்வளவு?" "நான்தான். பாதிக்குக் கீழ போகவிடறதில்ல. கிலோமீட்டரக் குறிச்சு வச்சுக்கறேன்." "எப்பலேர்ந்து?" "ரொம்ப நாளா" என்றான், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. ரொம்ப நாளா. அப்படியானால் அவனால் முடியும். அவள் இல்லாத இடத்தில், யாரும் சொல்லாமல், குறித்து வைத்துக்கொண்டு... அழுகை வந்தது, நல்ல வேளை, பெட்ரோல் வாடைக்கு யாருக்கும் கண் கலங்கும்.

பெட்ரோலை வடித்துத்தான் மேலே வேலை. குழாய் போட்டு உறிஞ்சி, ஒவ்வொரு கேனாக நிரப்பினாள், ஒன்று, இரண்டு, இந்தச் சிவப்புக் கேன்... அப்போதெல்லாம் பெட்ரோல் தீர்ந்து வண்டி நடுவழியில் நின்றதும் போன் வரும், "நின்னுடுச்சு" என்பான், அவ்வளவுதான், அவள் இந்தக் கேனோடு ஸ்கூட்டரில் போவாள், போகும் வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போவாள், போனால் அவன் மைல்கல்லின்மேல் உட்கார்ந்து, விற்கிற பிரேம்களிலேயே அசிங்கமான ஒன்றைப் போட்டுக்கொண்டு, "மேடம், இந்த ரோட்டுல ஒரு நல்ல மெக்கானிக் கிடைப்பாங்களா?" என்பான். சேர்த்த வார்த்தை பாதி மறந்துபோகும். வீட்டில் பேசாததையெல்லாம் அந்த ரோட்டோரத்தில்தான் பேசியிருக்கிறார்கள், லாரிகள் போகும்போது நிறுத்தி, போனதும் தொடர்ந்து. பழைய பம்பை வெளியே எடுத்துப் பார்த்தாள், கருகவில்லை, உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு தேய்ந்திருந்தது, கல்யாணமான வருஷம் அவள் கையால் மாட்டியது, வயசாகிவிட்டது, அவன்மேல் குற்றமே இல்லை. அதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தாள், "வாஷரயும் மாத்திடறேன்" என்றுதான் வந்தது.

புதுப் பம்பை இறக்கி, வளையத்தை இறுக்கி, வடித்ததையெல்லாம் திரும்ப ஊற்றி, பேட்டரியை மாட்டி, கடைசியாக ஒருமுறை, "போடு" என்றாள், கீழே இரண்டு நொடி முனகியது, நின்றது, அவன் முழுசாகத் திருப்பினான், எஞ்சின் பிடித்துக்கொண்டது. "நல்லா இருக்கியா?" என்று அப்போதுதான், அந்தச் சத்தத்துக்குள், கேட்டான். "ம். நீ?" "ம்." போய்விட்டான்.

"என்னம்மா, இனி மாப்ள எங்கயும் நிக்க மாட்டாரு போல" என்றார் ரேடியோ அண்ணன். நிற்க மாட்டான், ஆமாம்... ரொம்ப நாளா என்றானே, எட்டு மாசத்தை யாராவது ரொம்ப நாள் என்பார்களா? போன வருஷம் ஒருநாள் வேலை தலைக்குமேல் இருந்தது, "நின்னுடுச்சு" என்று போன் வந்ததும், "உனக்கு வேற வேலையே இல்லையா" என்று வைத்துவிட்டு, கேனை இதே அண்ணன் கையில் கொடுத்து அனுப்பினாள். திரும்பி வந்து அவர் சொன்னார், மாப்ள என்னப் பாத்ததும், அவ வரலையான்னாரும்மா. அவளுக்கு அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்கப்புறம் எப்போதாவது அந்த போன் வந்ததா, இல்லை, அன்றையிலிருந்தே டேங்கை நிரப்ப ஆரம்பித்துவிட்டானா? மழைக்காலத்தில்? இல்லை, அது அண்ணனை அனுப்பியதற்கு முந்தி. அவன் தங்கை வீட்டுக்குப் போன அன்று? அதுவும் முந்தித்தான்... பெட்ரோல் வாடை போகாத கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் மறுபடியும் முதலிலிருந்து தேடினாள், அன்றைக்கப்புறம் வந்த போன் ஒன்றே ஒன்று கிடைத்தால்கூடப் போதும் என்று.