சாட்சிக்குப் பிறகு வந்த வேதனை

1

இந்தக் கதை ஒரு பெண்ணிலிருந்து தொடங்கவில்லை. வடசேரி பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது கைபேசியில் படித்த ஒரு கட்டுரையிலிருந்து தொடங்கியது. கருப்பைக்குப் போகும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றனவாம். அவற்றில் நல்லவை குறைந்து மற்றவை பெருகினால் அழற்சி வரலாம். ஆண்டுக்கணக்கில் ஆறாத அடிவயிற்று வலியிலும் அவற்றுக்குப் பங்கிருக்கலாம். உறுதியாக எதையும் சொல்லாத கட்டுரை. பேருந்து வந்த பிறகும் நான் ஏறவில்லை. உள்ளே இத்தனை கோடிப் பேர் குடியிருந்தும் ஒருத்தி தனியாக இருக்க முடியும் என்று தோன்றிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "கடியப்பட்டணத்தில் கடலைப் பார்த்தபடி ஒருத்தி தன் அடிவயிற்றை…"

விட்டுவிட்டேன். கடல் இருந்தால் வலியை அலை என்று எழுதிவிடுவேன்.

இரண்டாவது: "இரணியல் ரயில் நிலையத்தில் அவள் இறங்கியபோது…" நான் மயங்கிப் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் தனிமையான பெண்கள் இப்படித்தான் இறங்குவார்கள். பனி பெய்துகொண்டிருக்கும். இரணியலில் பனி பெய்யாது. ஆட்டோக்காரருக்குக்கூட அவள் எந்த வீட்டு மருமகள் என்று தெரிந்திருக்கும்.

(இங்கே தனிமைக்கு ஆளில்லாத இடம் தேவைப்படுவதில்லை.)

3

அவள் பெயர் சபிதா. கணவன் டிஜோ மஸ்கட்டில். மாமியார் ராஜபாய், சபையின் பெண்கள் ஜெபக் குழுத் தலைவி. சில வருடங்களாக சபிதாவுக்கு அடிவயிற்றில் வலி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. வலி கூடும்போதெல்லாம் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினாள். கடைசியில் ஜெபக் குழு அவளுக்காக உபவாசம் இருந்தது. அந்த வாரம் வலி நின்றது.

ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்து, கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன் அறிவிக்கும் சாட்சி சொன்னாள். "கர்த்தர் எனக்க வேதனைய எடுத்து மாத்தினாரு." ராஜபாய் தேம்பி அழுதார். சபிதா பொய் சொல்லவில்லை.

அடுத்த மாதம் வலி திரும்பி வந்தது.*

* சொன்ன சாட்சியைத் திரும்பப் பெற வழி கிடையாது. சுகமானது கர்த்தரால், திரும்பி வந்தால் அது உன் விசுவாசக் குறைவால்.

4

டிஜோ தொலைபேசியில் பேசுகிறான்.

"ஏட்டி, சொகமா இருக்கியா?"

"ம்."

"சபைக் கொயர்ல பாடச் சேந்திட்டியாமே? அம்மா சொன்னாவ. அந்த டாக்டர்மாருக்குக் குடுத்த பைசாவுக்கு ஒரு பைக்கு எடுத்திருக்கலாம், கேட்டியா?"

"எடுத்தா ஆரு ஓட்டுவா? நீங்க மஸ்கட்டுல இருந்தா?"

இருவரும் சிரித்தார்கள். அவள் வயிற்றின்மேல் வெந்நீர்ப் பை இருந்தது.

பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அவள் நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்தாள்.

"கண்ட மாத்திரையும் தின்னதுல உள்ள இருந்த நல்ல கிருமியும் அழிஞ்சிருக்கலாம். அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், இன்னும் ஆராய்ச்சி நடக்கு. சாம்பிள் எடுத்துப் பாப்போம். வயித்துல சின்னதா துளை போட்டு கேமரா விட்டுப் பாக்கிற லேப்ராஸ்கோப்பியும் செய்யணும். வீட்ல இருந்து ஆள கூட்டிட்டு வாங்க. ஸ்கேன்ல தெரியலன்னாலும் உங்க வலி உண்மைதான்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டு அழுதாள். அதற்கு முந்தைய வாக்கியத்தை நினைத்துக்கொண்டே பேருந்தில் திரும்பினாள்.

(இங்கே எனக்கு அவள்மேல் சலிப்பு வந்தது. "மாமியாரிடம் சொல்லிவிட வேண்டியதுதானே" என்று எழுதி, அடித்தேன். என் வீட்டு மேசையில் உட்கார்ந்து யாரும் தைரியமாக இருக்கலாம்.)

5

அடித்துப்போட்ட முடிவுகள்:

மீன் கழுவும்போது சபிதா உண்மையைச் சொல்கிறாள். ராஜபாய் அவளைக் கட்டிக்கொண்டு, "எனக்கும் உண்டு மக்கா, ஆருகிட்டயும் சொன்னதில்ல" என்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் நம்பவில்லை.

பரிசோதனை முடிவு வருகிறது, ஏதோ ஒரு மாத்திரையில் நல்ல நுண்ணுயிர்கள் திரும்பக் குடியேறுகின்றன, வலி… இல்லை. அறிவியல் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. அதைவிட வேகமாக நான் ஓடக் கூடாது.

6

ஆகவே ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். ராஜபாய் ஒரு பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துவருகிறார்.

"ஏட்டி சபிதா, இஞ்ச வா. இது சுஜி. இவளுக்கும் ஒனக்க அதே வேதனையாக்கும். செவ்வாக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போணும்னு நிக்கா. மொதல்ல எனக்க மருமவகிட்ட ஒரு வார்த்த கேளு, பிறவு ஆஸ்பத்திரி வேணுமான்னு பாப்போம்னு சொன்னேன்."

சுஜி தலை நிமிரவில்லை. "அக்கா, உங்களுக்கு இப்போ வேதனையே இல்லியா?"

"சொல்லு மக்கா." ராஜபாயின் கை சபிதாவின் தோளில் இருக்கிறது. அன்பான கை; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடைசிப் பாட்டு முடியும்வரை நின்றதில் சபிதாவுக்கு அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. ‘வேதனை இல்லை’ என்று சொன்னால் அவள் வீடு அப்படியே இருக்கும். செவ்வாய்க்கிழமை சுஜி எங்கேயும் போகமாட்டாள். ‘உண்டு’ என்று சொன்னால் சுஜி போவாள். தோளில் இருக்கும் கை…

சபிதா வாயைத் திறந்துவிட்டாள். என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சபிதாவாக இருந்தால் என்றும் கேட்கமாட்டேன். அப்படிக் கேட்டால் எல்லோரும் வீரர்கள். நீங்கள் சுஜி. வெயிலில் நிற்கிறீர்கள், வலிக்கிறது. இந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்து இதே வலியை அறிந்தவள் உங்கள் முன்னால் நிற்கிற இவள் ஒருத்திதான். அவள் உங்களிடம் என்ன சொல்ல வேண்டும்?