மலையின் தோல்

வெள்ளைத் தூசு இன்னும் அடங்கவில்லை, அதற்குள் மலையைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம், கையால் விசிறுகிறேன், தூசு மூக்கில் ஏறுகிறது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவுதான் இது என்று தெரிந்தும் நாக்கு நுனி கல்தூளைத் தேடுகிறது, சோற்றிலும் தலையணையிலும் அம்மாவின் முந்தானையிலும் நறநறத்த அந்தத் தூள், இருமிக்கொண்டே பார்க்கிறேன், இதோ தூசுக்குள்ளிருந்து ஒரு முகடு வருகிறது, அதன் கீழே செங்குத்தாக ஒரு பாறைச் சுவர், என் மார்பு உயரம்தான் மொத்தமும், ஆனால் கேமரா தரையோடு படுத்துப் பார்த்தால் வானத்தை முட்டும், என் மலை, மற்றவர்கள் செய்த மலைகளுக்குப் பசை கலக்கிக்கொண்டும் துடைப்பக் குச்சியில் மரம் கட்டிக்கொண்டும் கிடந்தவளைக் கூப்பிட்டு, இது முழுசா உன்னோட வேலைம்மா என்று ஆர்ட் டைரக்டர் எட்வின் சார் கொடுத்த முதல் மலை.

பூந்தமல்லி தாண்டி, ஒரு காலத்தில் அரிசி குடோனாக இருந்த ஷெட்டில்தான் எங்கள் மினியேச்சர் வேலை, ராஜா கதைப் படம், மலை மேல் கோட்டை, விடியற்காலைப் பனி, கேமரா மலையை ஒரு சுற்று சுற்றிவர வேண்டும், சாப்பாட்டு வேளை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள், நான் கம்பியில் கூடு கட்டினேன், அதன்மேல் கோழிவலை, வலைமேல் பிளாஸ்டரில் முக்கியெடுத்த சாக்கு, அது இறுகும்போது உள்ளங்கையில் ஒரு சூடு ஏறும், மாட்டின் வயிற்றைத் தொட்ட மாதிரி, தெர்மாகோலை மற்றவர்கள் கத்தியால் வெட்டுவார்கள், நான் கையால் உடைத்தேன், உடைந்த பாறை எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது, செங்கல்பட்டுக்கு மேற்கே கல்குவாரியில் பிறந்து, சம்மட்டிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள், சத்தம் நின்றால் விழித்து அழுவேனாம், எனக்குக் கல்லைத் தெரியாதா, கை தானாக ஓடியது, பாட்டு வராத எனக்குப் பாட்டு வந்தது, உடன் வேலை செய்யும் டில்லிபாபு, மேடம் இன்னிக்கு ஃபுல் ஃபார்ம்ல கீறாங்கப்பா என்றான், அவன் மேடம் என்றால் கிண்டல் என்று ஷெட்டுக்கே தெரியும்.

காலையில் எட்வின் சார் வந்தார், மலையை ஒரு சுற்று சுற்றினார், குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி சுற்றினார், எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு நிற்கிறது, இப்போது சொல்வார், இப்போது சொல்வார், ஏம்மா என்றார், சொல்லுங்க சார், இந்த ராஜா காலத்து மலைக்கு யாரும்மா துளை போட்டு வெடி வச்சது. நான் பார்த்தேன், அவர் விரல் போன இடத்தையே பார்த்தேன், பாறைச் சுவரில் மேலிருந்து கீழ் வரை நேர்கோடாக, வரிசையாக, நானே பென்சிலை உருட்டி அழுத்தி இழைத்த பள்ளங்கள், குவாரியில் துளை போட்டு வேட்டு வைப்பார்கள், வெடித்தபின் முன்பாதி கல்லோடு போய்விடும், பின்பாதித் துளை சுவரில் கோடாக நின்றுவிடும், பாறை என்றால் அந்தக் கோடும் சேர்ந்ததுதான் என்று என் கைக்கு எண்ணம், புலியைச் செய்தால் வரி போடுவது போலப் போட்டிருக்கிறேன், அது மட்டுமா, படிப்படியாக வெட்டிய மட்டங்கள், அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கிய ஒரு குழி, மலையைச் சுற்றி மேலே ஏறுகிற வளைந்த ரோடு, அகலமான ரோடு, டில்லிபாபு எட்டிப் பார்த்தான், ராணியம்மா டிப்பர் லாரில வராங்கோ போல சார் என்றான், ஷெட்டே சிரித்தது, நானும் சிரித்தேன், பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

மலையே பாத்தது இல்லையா நீ என்றார் எட்வின் சார், கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டார், மலையிலதான் சார் வளந்தேன், அது மலை இல்லம்மா, மலை இருந்த இடம், என்று சொல்லிவிட்டு மூலையைக் காட்டினார், அங்கே போன படத்து மலை ஒன்று தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது, சாப்பாட்டு பிரேக் முடியறதுக்குள்ள இது மலையா மாறணும், இல்லன்னா அதுக்குப் பச்சை அடிச்சு நடுவுல வச்சிடுவேன், நீ பசை பக்கெட் பக்கம் போயிடு, என்ன. சரி சார் என்றேன், தார்ப்பாய்க்கு அடியிலிருந்து அந்த மலை என்னைப் பார்த்துப் பல்லிளிக்கிற மாதிரி இருந்தது.

முதலில் கோடுகள், பிளாஸ்டரை அள்ளி அள்ளி அப்புகிறேன், துளைகள் மூடுகின்றன, மட்டங்கள் மறைகின்றன, ரோடு போகிறது, குழி மேடாகிறது, நான் பிறப்பதற்கு முன்பே பாதி போய்விட்டிருந்தது எங்கள் மலை, மீதி என் கண்ணெதிரே போனது, லாரி லாரியாகப் போனதைக் கரண்டி கரண்டியாகத் திருப்பி வைக்கிறேன், இந்தா, இது மேம்பாலத்துக்குப் போனது, இது ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போனது, வா வா, எல்லாம் திரும்பி வா, கைக்குள் ஒரு வெறி, பிளாஸ்டர் இறுகுவதற்குள் அடுத்த வாளி, டில்லிபாபு கிண்டலை விட்டுவிட்டு ஓடி ஓடிக் கலக்கித் தருகிறான், போதுமா, இன்னும் போடு, மலை உருண்டு திரண்டு நிற்கிறது, நின்றதும் என் கையும் நின்றுவிட்டது.

வெளிப்பக்கம் எப்படி இருக்கும். எனக்கு மலையின் உள்ளே தெரியும், வெட்டின கல் நீலமாக, ஈரமாக, மீன் வயிறு போலப் பளபளக்கும், நான் பூசியிருந்ததும் அந்த நீலம்தான், வெளியே தெரியாது, ரயிலில் போகும்போது தூரத்து மலைகளைப் பார்த்திருக்கிறேன், அவை நின்றுபோன மேகம் மாதிரி, கிட்டத்தில் போய்த் தொட்டதில்லை, டில்லிபாபு ஃபோனில் படம் எடுத்துக் காட்டுகிறான், பனிமலை, இது வேணாண்டா, நம்ம ஊர் பாறை வேணும், எல்லாம் ஒண்ணுதான மேடம், இல்லடா, ஷெட்டுக்கு வெளியே சாப்பாட்டு வண்டி வந்து நிற்கிறது, சாம்பார் வாசம், தட்டுகளின் சத்தம், நான் நகத்தைக் கடிக்கிறேன், நகம், நகத்தால் எதையோ சுரண்டியிருக்கிறேனே, சின்ன வயதில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மஞ்சளாக, வட்டமாக, சுரண்டினால் தூளாக உதிரும், அம்மா பின்னந்தலையில் தட்டுவாள், சொவத்த நோண்டாத.

சுவர், எங்கள் வீட்டுச் சுவர். குவாரியில் மேலாக வருகிற முதல் கல்லை ஜல்லி உடைக்கிற கிரஷர்காரன் எடுக்க மாட்டான், மழையும் வெயிலும் தின்ற கல், வேர் ஒட்டிய கல், உடைத்தால் நேராகப் பிளக்காது, ஒதுக்கிக் கொட்டிவிடுவார்கள், கேட்பாரில்லாத அந்தக் கல்லைத் தலையில் சுமந்து வந்துதான் நாங்கள் வரிசை வீடு கட்டினோம், அழகாக இருக்கட்டும் என்று வழவழப்பான பக்கத்தை வெளியே வைத்து, அம்மா, அம்மா, ஃபோனை எடு, அம்மா எடுத்தாள், வீடியோவில் அவள் காது மட்டும் தெரிந்தது, இன்னாடி இந்நேரத்துல, அம்மா ஃபோன திருப்பி நம்ம வீட்டு சொவத்த காட்டு, எந்த சொவரு, வெளிச் சொவரு, கிட்ட போ, இன்னும் கிட்ட, சாப்டியாடி நீ, சாப்ட்டேம்மா சொவத்த காட்டு, பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிருச்சா என்று சொல்லிக்கொண்டே அம்மா சுவரோடு ஃபோனை ஒட்டினாள், இருட்டு, கொஞ்சம் தள்ளிப் புடிம்மா, வெளிச்சம் வந்தது.

வந்தது, மலை வந்தது, எங்கள் மலையின் தோல், நீலமே இல்லை, சாம்பலும் கறுப்பும், மழை வழிந்த இடமெல்லாம் எண்ணெய் வழிந்த மாதிரி கறுப்புத் தாரை, இடையிடையே வட்ட வட்டமாக வெளுப்பு, அதன் ஓரம் மஞ்சள், முனை என்று ஒன்று கிடையாது, எல்லாம் பன் மாதிரி மழுங்கி, பக்கத்து வீட்டையும் காட்டும்மா, தேசம்மா வீட்டையா, ஆமாம்மா, அம்மா நடக்கிறாள், படம் குலுங்குகிறது, ஒரு கோழி, ஒரு குடம், தேசம்மா அத்தையின் குரல், இன்னாக்கா சொவத்துக்கு ஃபோட்டோ புடிக்கிற, பொண்ணு கேட்டுச்சு, ஏன், மாப்ள வூட்டுக்கு அனுப்பப் போவுதா, ஆமாண்டி, சொவத்துக்குத்தான் கல்யாணம், அம்மா சிரிக்கிறாள், நான் இங்கே ஒரு கையில் ஃபோனும் ஒரு கையில் பிரஷுமாக நீலத்தின்மேல் சாம்பலை இழுக்கிறேன், மேலிருந்து கறுப்புச் சாயத் தண்ணியை ஊற்றுகிறேன், அது தானாக வழி தேடி இறங்குகிறது, மழை எப்படி இறங்குமோ அப்படி, ஈர ஸ்பாஞ்சால் முனைகளைத் தேய்த்து மழுக்குகிறேன், இன்னொரு வீடும்மா, வரிசை வரிசையாக வீடுகளின் சுவர்கள் வருகின்றன, யார் வீட்டில் முகடு, யார் வீட்டில் சரிவு என்று எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது, ஊரில் பிரிந்து நிற்கிற மலை கை வழியாக இங்கே கூடுகிறது, அந்த வெளுப்பு வட்டத்துக்கு என்ன செய்வேன், டில்லி, ஓடு, சாப்பாட்டு வண்டி மாஸ்டர்கிட்ட கல்பாசி இருக்கும், வாங்கிட்டு வா, இன்னா மேடம், மலைக்கு பிரியாணி போடறியா, ஓடுறா, ஓடினான், அள்ளி வந்தான், பாறையில் வளர்கிற அந்தப் பாசியைத் தூளாகக் கசக்கி, பசை தொட்டு அங்கங்கே ஒத்தினேன், ஷெட்டுக்குள் பிரியாணி மணந்தது.

எட்வின் சார் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார், அவர் பின்னால் கேமராக்காரர்கள், தார்ப்பாயைப் பார்க்கவில்லை, என் மலைக்கு எதிரில் நின்றார், குனிந்தார், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், ஒரு விரலால் கறுப்புத் தாரையைத் தொடப் போனவர் தொடாமல் எடுத்துக்கொண்டார், இத எங்கம்மா பாத்த, எங்க வீட்டு சொவத்துல சார். அவருக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை, கேமராக்காரர்கள் பக்கம் திரும்பி, கோட்டையத் தூக்கி வைங்கப்பா, புகை போடுங்க என்றார்.

கோட்டை ஏறியது, புகை வந்தது, வெள்ளையாக அடிவாரத்தில் தவழ்ந்து மெல்ல மெல்ல மேலேறி, முகடு மட்டும் மிதக்கிறது, விளக்கு சிவக்கிறது, எல்லோரும் விலகுகிறார்கள், உதவி டைரக்டர் ஒருவர் அமைதிக்காக விசில் ஊதினார், நீளமாக ஒரு விசில், நான் எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது, பெயின்ட் டிரம்முக்குப் பின்னால் குந்தி, இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன், வேட்டுக்கு முன்னால் குவாரியில் இப்படித்தான் ஊதுவார்கள், வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் காது பிய்யாது, டில்லிபாபு குனிந்து என்ன என்று சைகையில் கேட்கிறான், கண்ணை மூடிக்கொள்கிறேன், காத்திருக்கிறேன், தரை அதிரும், கூரை ஓடு குலுங்கும், பிறகு தூசு வரும், தூசு அடங்கினால் மலையில் கொஞ்சம் இருக்காது, கேமராவின் சக்கரம் தண்டவாளத்தில் உருளும் மெல்லிய சத்தம், ஒரு பக்கம் போய், பின்னால் சுற்றி, இந்தப் பக்கம் வருகிறது, வேறு சத்தமே இல்லை, கட் என்றார் யாரோ, கண்ணைத் திறக்கிறேன், வெள்ளையாக எல்லாம் கலைந்துகொண்டிருக்கிறது, கலைந்து, விலகி, அடங்கி, இருக்கிறது, முழுதாக இருக்கிறது.