சின்சேருஸ் அட்டை

அகராதி அலுவலகத்தில் எனக்குக் கடுகு என்று பட்டப்பெயர். தொட்டதற்கெல்லாம் வெடிப்பேனாம். முப்பது வருடம் லத்தீன் சொற்களோடு மாரடித்தவனுக்கு வேறென்ன வரும்?

சின்சேருஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு, அச்சுக்குப் போகும் முன் பொருளும் மூலமும் குறித்துவைக்கும் அட்டையை எழுதியவன் நான்தான். கலப்பில்லாத, கள்ளமில்லாத என்று பொருள். ஆண்பாலுக்கு சின்சேருஸ், பெண்பாலுக்கு சின்சேரா, அஃறிணைக்கு சின்சேரும். இதுவரை சரி. சொல்லின் மூலம் என்ற இடத்தில்தான் வழுக்கினேன். 'சினே என்றால் இல்லாமல், சேரா என்றால் மெழுகு. சிற்பிகள் விரிசலை மெழுகால் மறைப்பார்கள். மெழுகில்லாத சிலையே அசல்' என்று எழுதிவைத்தேன்.

உதவி ஆசிரியை அதைப் படித்துவிட்டு எழுந்து வந்தாள். "சார், இது கட்டுக்கதை. 'ஒன்றாக வளர்ந்தது'ங்கற வேர்லேர்ந்து வந்திருக்கலாம்னுதான் சொல்றாங்க. சிலைக் கதைக்கு ஆதாரமே இல்ல."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே லத்தீன் படிச்சவன் நான். குடுத்தத மட்டும் எழுதும்மா."

எழுதினாள். எங்கள் அலுவலகத்தில் ஆசிரியரின் கிறுக்கல் குப்பைக்குப் போய்விடும். திருத்தமாகப் படியெடுத்தவரின் கையெழுத்துதான் அட்டை மூலையில் நிற்கும்.

அகராதி வெளிவந்தது. ஒரு பேராசிரியர் பத்திரிகையில் அந்தச் சொல்லை வைத்தே எங்களைக் கிழிகிழியென்று கிழித்தார். இயக்குநர் அட்டைகள் அடுக்கிய பெட்டியைத் திறந்தால், மூலையில் அவள் கையெழுத்து.

"இது யார் பண்ணின வேலை?" என்று என்னிடம் கேட்டார். அவளுக்கு ஒப்பந்த வேலை. அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவன். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்: "அந்தப் பொண்ணு கொஞ்சம் அவசரக்குடுக்கை சார்." பாவி நான்.

அந்த வாரமே அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று உத்தரவு வந்தது. எட்டாம் நாள் அவளையும் கூட்டிக்கொண்டு இயக்குநர் அறைக்குள் போனேன். "எழுதினது நான்தான் சார். இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் வாயை அடைச்சேன்."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னைக்கு உண்மையைச் சொல்லிட்டீங்க. இப்ப மனசு கேக்காம பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. இந்த மனசு யாருக்கு வரும்? ஆனா ஒப்பந்தம் முடிஞ்சது முடிஞ்சதுதான்."

"ஐயோ, சத்தியமா நான்தான் சார்!" என்று கத்தினேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்து, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நான் வெளியே வருவதற்குள் அவள் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"போன வாரம் கேட்டப்பவே சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு சார்," என்றாள். "இனிமே நீங்க என்ன சொன்னாலும் உங்களைத்தான் நல்லவர்ம்பாங்க."